முட்டை ஓட்டில் எழுதியிருப்பது

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. உங்கள் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ‘மனிதரும் இயற்கையும்’ என்று தனிக்கூடம் வரப்போவதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சுவர்ப்படங்களுக்குச் செலவு செய்யும் முன் கிடங்கு இழுப்பறைகளைத் திறந்து பாருங்கள். நாம் இயற்கைக்குச் செய்ததெல்லாம் அங்கேதான் பதிவாகிக் கிடக்கிறது.

முட்டைகளில் தொடங்கு. பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையின் பழைய முட்டை ஓடுகளை எடைபோட்டார் பிரிட்டனின் டெரெக் ராட்கிளிஃப். மில்லிகிராம் எடையை, மில்லிமீட்டரில் அளந்த நீள அகலப் பெருக்கல் தொகையால் வகுத்தார். எண் குறைந்தால் ஓடு மெலிந்திருக்கிறது என்று பொருள். 1947 வாக்கில் அந்த எண் சரசரவென்று இறங்குகிறது, டி.டி.டி. பூச்சிக்கொல்லி புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1967இல் அவர் இதை வெளியிட, மறு ஆண்டே அமெரிக்க முட்டைகளிலும் அதே சரிவு தெரிந்தது. தேதி எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இந்த முட்டைகள் வெறும் அழகுப் பொருள்தான்.

நீங்களும் அளப்பதானால், பக்கவாட்டில் கரு எடுத்த துளையைப் பார். துளை பெரிதானால் எடை குறையும். உள்ளே கரு காய்ந்து ஒட்டியிருந்தால் கூடும். இரண்டு வகையையும் ஒதுக்கிவிடு. ஓட்டின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை அல்ல. மரப்பெட்டி, குறிப்பாக ஓக், கக்கும் அசெட்டிக் அமில ஆவி ஓட்டின் சுண்ணாம்பை அரிக்கிறது. பவுடர் பூச்சிட்ட எஃகு இழுப்பறைக்கு மாற்றி, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வை. ஒளியில் முட்டையின் நிறம் மங்கும்; கூடத்தில் வார்ப்பு நகல் போதும்.

பறவைத் தோல்களில் வண்டுப் புழு கண்டால் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வை. வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காதே, இறகில் நீர் கோத்துக்கொள்ளும். பழைய தோல்களில் பூச்சி அரிக்காமலிருக்கப் பூசிய ஆர்செனிக் நஞ்சு இருக்கலாம், கையுறை கட்டாயம்.

களக்குறிப்புகளையும் கூடத்தில் வையுங்கள். 1908இல் தொடங்கிய பெர்க்லி பல்கலைக்கழக முதுகெலும்பி அருங்காட்சியகத்தில் ஜோசப் கிரின்னெல் குழு எங்கே, எத்தனை பொறி, எத்தனை இரவு என்று எழுதிவைத்தது. அதனால்தான் ஏறக்குறைய நூறாண்டு கழித்து, கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி மலைப் பூங்காவில் அதே இடங்களில் மீண்டும் தேட முடிந்தது. 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, மலையில் சராசரியாக 500 மீட்டர் மேலேறியிருந்தன. எதுவும் சிக்காத இரவைக்கூட அவர்கள் விட்டுவிடவில்லை, செல்வம். அப்படியொரு குறிப்பேட்டுப் பக்கத்தையாவது கண்ணாடிக்குள் வையுங்கள்.

உங்கள் முட்டை அலமாரி எந்த மரம் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மணி