முருகேசனுக்கு: சின்னப் பெட்டியும் சித்திரை வெயிலும்

அன்புள்ள முருகேசா,

உன் மெயில் பார்த்தேன். பெரியவளுக்குப் பிளஸ் டூ முடிந்ததில் உனக்கு நிம்மதி. என் பையனுக்கு அந்தக் கூத்து அடுத்த வருஷம். ஸ்டுடியோவைக் காலி செய்துவிட்டு மாடி அறையிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் மட்டும் பார்ப்பது என்பது நல்ல முடிவு. முகூர்த்த மாதங்களில் சம்பாதித்ததை மற்ற மாதங்களில் வாடகையாகக் கட்டிக்கொண்டிருந்தாய், அது எத்தனை நாளைக்கு ஓடும்?

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன். ரிசப்ஷன் முடிவதற்குள் முகூர்த்தத்தை எடிட் செய்து திரையில் போட வேண்டும், அதனால் மண்டபத்துக்கே தூக்கிப்போகிற சின்னப் பெட்டி வேண்டும் என்கிறாய். ரைசன் 7 7700 ப்ராசஸர் (சிபியு), ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு இரண்டும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. சிப்பைக் குளிர்விக்க எந்த கூலர், கார்டை மதர்போர்டோடு இணைக்க எந்த ரைசர் கேபிள் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் எத்தனை வாட் என்று நீ கேட்டிருக்க வேண்டும்.

நீ பார்க்கிற ரிவ்யூக்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. எந்த கூலராக இருந்தாலும், தான் இழுக்கும் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே சிப்பை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. 21 டிகிரி அறையில் 75 காட்டியது, சித்திரை மதியம் உன் மாடி அறையின் 35 டிகிரியில் 89 காட்டும். உன் 7700 போன்ற ரைசன் 7000 வரிசைச் சிப்கள் 95 வரை ஓடும்படி செய்தவை, அதனால் எரிந்துவிடாது. ஆனால் அந்தச் சூட்டில் ஃபேன் போடும் சத்தத்தோடு நீ வாய்ஸ் ஓவர் பதிவு செய்ய முடியாது.

7700-இன் அட்டைப்பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். முழு லோடில் அது இழுப்பது 88 வாட். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) பிபிஓ பகுதிக்குப் போய், சிப் இழுக்கும் வாட்டுக்கு உச்சவரம்பான பிபிடி என்ற எண்ணை 70-க்கு இறக்கு. எக்ஸ்போர்ட் கொஞ்சம் தாமதமாகும், டைம்லைனில் வேலை செய்யும்போது வித்தியாசமே தெரியாது. சிப்பின் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் மைனஸ் 15 வைத்துப் பார், நிலையாக ஓடினால் இன்னும் சில டிகிரி லாபம். கார்டுக்கும் இதே வைத்தியம்தான். 200 வாட் கார்டை 80 சதவீத பவரில் ஓட்டினால் வேகம் சில சதவீதம்தான் குறையும். காசு செலவில்லாமல் கிடைக்கிற குளிர்ச்சியை முதலில் எடுத்துக்கொள், மிச்சத்துக்குத்தான் கூலர்.

இன்னொன்று. உன் கேமராவில் நிறத் தகவல் அதிகமுள்ள 10-பிட் 4:2:2 வடிவத்தில் எடுக்கிறாய் அல்லவா? உன் 4070 சேர்ந்த 40 வரிசை கார்டுகள் அதைத் தாங்களே டிகோட் செய்வதில்லை, 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. அந்தச் சுமை முழுக்க உன் சிபியு தலையில்தான் விழும். கேம் ஆடுகிறவர்களின் அறிவுரை உனக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். அவர்களுக்குச் சூடு கார்டில், உனக்கு இரண்டிலும்.

பெட்டியைப் பற்றி. பழைய டான் ஏ4 பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய். டேனியல் ஹான்சன் என்ற ஜெர்மனிக்காரர் வடிவமைத்தது அது. மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம் என்று முதுகோடு முதுகு வைக்கும் அமைப்பைப் பிரபலமாக்கியதே அந்தப் பெட்டிதான். 7.2 லிட்டர், கையில் எடுத்தால் விட மனசு வராது. ஆனால் கூலருக்கு 48 மி.மீ. உயரம்தான், கூடவே வரும் ரைசர் ஜென் 3, அதாவது கார்டும் மதர்போர்டும் பேசும் பிசிஐஇ இணைப்பின் பழைய மூன்றாம் தலைமுறை. உன் வேலைக்கு வேண்டாம். லியான் லி ஏ4-எச்2ஓ என்ற பெட்டியில் மேலே தண்ணீரால் குளிர்விக்கும் 240 மி.மீ. ரேடியேட்டர் வைக்கலாம், குளிர்ச்சியும் பிரமாதம்தான். ஆனால் மண்டபத்தில் ராத்திரி எட்டு மணிக்கு பம்ப் நின்றால் என்ன செய்வாய்? ஃபேன் செத்தால் வேறு ஃபேன் மாட்டி ஒப்பேற்றலாம். ஆட்டோவிலும் வேனிலும் குலுங்கிப் போகிற மெஷினுக்கு நான் ஏர் கூலர் கட்சி.

ஆகவே ஃப்ராக்டல் டெர்ரா பெட்டி. 10.4 லிட்டர். அதன் நடுத்தகடு நகரும். ஒரு ஓரத்தில் கூலருக்கு 77 மி.மீ., கார்டுக்கு 43. மறு ஓரத்தில் கூலருக்கு 48, கார்டுக்கு 72. எப்படித் தள்ளினாலும் இரண்டும் சேர்ந்து 120. உன் கார்டின் தடிமன் 50 மி.மீ. என்றால் கூலருக்கு 70-க்குள்தான். தகடு படிப்படியாக நகருமே தவிர நினைத்த இடத்தில் நிற்காது, அதனால் கணக்கின் விளிம்பில் நின்று எதையும் வாங்காதே. 67 மி.மீ. உயரமுள்ள தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி120-எக்ஸ்67 காகிதத்தில் உள்ளே போய்விடும். ஆனால் மேலே இருக்கிற ஃபேன் பக்கவாட்டு மூடியின் துளைகளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இறக்கை அவ்வளவு நெருக்கத்தில் சுற்றினால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும், வேகத்தைக் குறைத்தாலும் போகாது. நாக்டுவா என்எச்-எல்12எஸ் 70 மி.மீ., ஃபேன் கூலரின் தகடுகளுக்கு அடியில் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் இடம் சொட்டு மிச்சமில்லை. நான் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்53 எடுப்பேன். 53 மி.மீ., சூட்டைக் கடத்தும் நான்கு ஹீட்பைப், மூடிக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. 70 வாட்டுக்கு அது தாங்கும். நீ 88 வாட்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் இந்தக் கூலர் தோற்கும், அப்போது என்னைத் திட்டாதே.

சிபியுவோடு அட்டைப்பெட்டியில் வந்த கூலர் 90 மி.மீ.க்கு மேல். தம்பி பெட்டிக்கு வைத்துக்கொள். ராம் வாங்கும்போது சீப்பு மாதிரி பல் நீட்டிக்கொண்டிருக்கிற விளக்குப் போட்டதெல்லாம் வேண்டாம், குட்டையாக இருப்பதாகப் பார்.

இப்போது ரைசர். நம் பஷீர் போன வருஷம் இப்படித்தான் ஒன்று கட்டினான். பழைய பெட்டி, ஜென் 3 ரைசர், அதில் புது ஜென் 4 கார்டு. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. வாங்கிய கடையில் கார்டு போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். கார்டுக்கு ஒன்றுமே இல்லை. மதர்போர்டும் கார்டும் தங்களுக்குள் பேசி வேகத்தை முடிவு செய்துகொள்ளும், நடுவில் இருக்கும் கேபிளை யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஜென் 4 என்பதால் ஒவ்வொரு லேனிலும் (தடத்திலும்) நொடிக்கு 16 ஜிகா டிரான்ஸ்ஃபருக்குப் போய்விடும். ஜென் 3-இன் 8-க்குச் செய்த கேபிளில் சிக்னல் தேய்ந்து போய்ச் சேரும். மானிட்டர் வயரைக் கார்டிலிருந்து பிடுங்கி மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகச் சொன்னேன். ரைசன் 7000-இல் சின்ன கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறதே. கார்டை எடுத்து வைத்துவிட்டு பயாஸில் பிசிஐஇ வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து ஜென் 3-க்கு மாற்றினான், மறுபடி மாட்டினதும் படம் வந்துவிட்டது.

உனக்கு டெர்ராவோடு வரும் ரைசர் ஜென் 4, உன் கார்டும் ஜென் 4. ஜென் 5 கேபிளுக்குக் கூடுதல் காசு கொடுக்காதே, ஒரு பிரயோஜனமும் இல்லை. பின்னால் 50 வரிசைக்கு மாறினால் கார்டு ஜென் 5-க்குத் தாவப் பார்க்கும், அன்றைக்கு பயாஸில் ஜென் 4 என்று கட்டிப்போடு. 16 லேன் கார்டுக்கு இதில் இழப்பு பெயருக்குத்தான். 4060 மாதிரி 8 லேன் கார்டை ஜென் 3-இல் போட்டால்தான் வலிக்கும், அதுவும் கார்டின் மெமரி நிரம்பிவிட்டால்.

மாட்டிய பிறகு இரண்டு சோதனை. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் பிசிஐஇ 1.1 என்று காட்டும், பதறாதே, சும்மா இருக்கும்போது கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி லோடு கொடுத்தால் 4.0-க்கு ஏற வேண்டும். அப்புறம் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் ஓட்டிவிட்டு விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவண்ட் வியூவரில் 'வியா-லாகர் (WHEA-Logger), 17' என்ற மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசை கட்டியிருக்கிறதா பார். இருந்தால் படம் வந்தாலும் பிழை நடக்கிறது, திருத்தித் திருத்தி ஓடுகிறது என்று அர்த்தம். முதலில் கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டு. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு ஜென் கீழே இறக்கு.

கேபிளைத் துணி மடிக்கிற மாதிரி மடித்து அழுத்தாதே, வளைவு உருண்டையாக இருக்கட்டும். நீளம் தேவைக்கு மேல் வேண்டாம், நீளத்தோடு சிக்னலும் குறையும். இது வெறும் டேட்டா வயர் இல்லை என்பதையும் மறக்காதே. ஸ்லாட் வழியாக 75 வாட் வரை போகலாம். 2021 பிப்ரவரியில் என்இசட்எக்ஸ்டி நிறுவனம் அமெரிக்காவில் தன் எச்1 பெட்டிகளைத் திரும்ப அழைத்தது ஞாபகமிருக்கிறதா? ரைசர் பலகையைப் பெட்டியோடு பிணைக்கும் இரண்டு உலோகத் திருகுகளால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம். பெயர் தெரியாத மலிவு ரைசரை ஆன்லைனில் பார்த்து மயங்காதே.

ஆர்டர் போடுவதற்கு முன் கார்டை ஸ்கேல் வைத்து அளந்து எழுது: தடிமன், நீளம், பவர் கேபிள் வளைய வேண்டிய இடத்தையும் சேர்த்து அகலம். கடைக்காரன் பட்டியலை நம்பாதே. உன் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன அளவு) பவர் சப்ளையின் மாடல் எண்ணையும் போடு.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்களா? வார நாளாக இருந்தாலும் லீவு போட்டு வருகிறேன். பஷீரும் வருவதாகச் சொல்கிறான். தேதி தெரிந்தால்தான் பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுக்க முடியும், சீக்கிரம் சொல்.

அன்புடன்,
சேகர்