மூன்று மாதம் பொறுக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரையிலான ஆண் கருத்தடை இருவார முகாம் பற்றிய செய்தியில், 'தையல் இல்லை, தழும்பு இல்லை, அன்றே வீடு திரும்பலாம்' என்று வந்துள்ளது. உண்மைதான். பலன் அன்றே கிடைக்காது என்பதுதான் விடுபட்டுவிட்டது. விந்துக்குழாயை வெட்டிக் கட்டினாலும், வெட்டுக்கு அப்பால் தங்கிய உயிரணுக்கள் வெளியேற ஏறத்தாழ 3 மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியாக வேண்டும். முகாம்களில் கண்டவரை, தையல்கூட இல்லாததால் 'வேலை முடிந்தது' என்று பலர் பரிசோதனைக்குத் திரும்புவதே இல்லை. இடையில் கரு தரித்தால் பழி மனைவி தலையில்! சிகிச்சை அட்டையிலேயே பரிசோதனைத் தேதியைக் குறித்து, 3 மாதத்துக்கான ஆணுறைகளையும் கையில் கொடுத்தனுப்பலாம். தேதி நெருங்கும்போது கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு போன் செய்யட்டும்.

– ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், தருமபுரி