கோனார் நோட்ஸ் வைத்துப் படித்தால் என்ன?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வெளியான ‘வாசித்தே ஆக வேண்டிய நாவல்கள்’ பட்டியலோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அதற்கு முன்னால் கட்டுரையாளர் போட்டிருக்கும் நிபந்தனைகளோடுதான் சண்டை. துணைநூல் எதையும் தொடக்கூடாதாம்; முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க வேண்டுமாம்; பாதியில் மூடி வைப்பவர் தீவிர வாசகரே அல்லராம். கோனார் நோட்ஸ் தேடுபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று ஒரு குத்தல் வேறு.

துணையில்லாமல் படிப்பதுதான் சுத்தமான வாசிப்பு என்ற எண்ணம் நமக்கு எப்படி ஒட்டிக்கொண்டது? திருக்குறளுக்கே பத்துப் பேர் உரை எழுதிய மொழி இது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சா.வுக்கே சீவக சிந்தாமணி எடுத்த எடுப்பில் பிடிபடவில்லை. நச்சினார்க்கினியர் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதுவும் போதாமல் சமணர்களைத் தேடிப் போய் அவர்களுடைய சமய வழக்கங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் பதிப்பு வந்தது. அவரும் தீவிர வாசகர் அல்லர் என்பாரா கட்டுரையாளர்?

பழைய காவியத்துக்கு உரை சரி, சோதனை நாவலுக்கு எதற்கு என்று கேட்பார்கள். பட்டியலில் உள்ள, அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் ‘தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி’யையே (1929) எடுத்துக்கொள்வோம். முதல் பகுதியைச் சொல்பவன் பெஞ்சி. வயது 33, மனவளர்ச்சி குன்றியவன். அவனுக்கு நேற்று, இன்று என்ற பேதம் கிடையாது. வேலி இடுக்கில் நுழையும்போது ஆணியில் மாட்டிக்கொள்கிறான். ‘மறுபடியும் மாட்டிக்கொண்டாயா’ என்று அலுத்துக்கொள்கிறான் கூட வரும் லஸ்டர். அடுத்த வரியில் பெஞ்சியை ஆணியிலிருந்து விடுவிப்பவளோ அவனுடைய அக்கா கேடி. அது நடந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன! எழுத்து மட்டும் சாய்வெழுத்தாக மாறுகிறது. வேறு அறிவிப்பு எதுவும் இல்லை.

எனக்கு வழி காட்டியது ஒரு சின்னக் குறிப்பு: பெஞ்சியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார் என்று கவனி. வெர்ஷ் என்றால் பிள்ளைப் பருவம், டி.பி. என்றால் அதற்கடுத்த காலம், லஸ்டர் என்றால் 1928. கூடவே, க்வென்டின் என்ற பெயர் கேடியின் சகோதரனுக்கும் உண்டு, கேடியின் மகளுக்கும் உண்டு. இவற்றை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொண்டேன். குறிப்பு பார்த்துப் படித்தால் சுவை கெட்டுவிடும் என்கிறார்கள். யார், எப்போது என்ற கணக்கு தீர்ந்த பிறகுதான் அக்காவைத் தேடி அழுகிறவனின் துக்கமே என் காதில் விழுந்தது.

இரண்டு மூன்று முறை படித்தும் புரியவில்லை என்பவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு பேட்டியில் கேட்டபோது, நான்காவது முறை படிக்கச் சொன்னவர் ஃபாக்னர். மிடுக்கான பதில்தான். ஆனால் அதே மனிதர், பெஞ்சி குடும்பத்தின் கதையை ஆள் ஆளாக விவரித்து ஒரு பின்னிணைப்பும் எழுதிக் கொடுத்தார். 1946இல் அது அச்சானது. ஜேம்ஸ் ஜாய்ஸோ தன் ‘யுலிசிஸ்’ நாவல் வெளிவருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1920இல், எந்த அத்தியாயம் பழைய கிரேக்கக் காவியத்தின் எந்தப் பகுதியோடு பொருந்துகிறது என்று அட்டவணை போட்டுத் தெரிந்தவருக்கு அனுப்பிவிட்டார். எழுதியவர்களே கோனார் வேலை பார்த்திருக்கும்போது நமக்கென்ன வீறாப்பு?

வரிசையாகப் படித்து முடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அர்ஜென்டினா எழுத்தாளர் கோர்த்தாசாரின் ‘ராயுவேலா’ நாவலில் (1963) 155 அத்தியாயங்கள். 56ஆவது அத்தியாயத்தோடு உறுத்தலில்லாமல் நிறுத்திக்கொள்ளலாம், அல்லது 73இல் தொடங்கித் தாவித் தாவிப் படிக்கலாம் என்று ஆசிரியரே முகப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஜாய்ஸின் ‘ஃபின்னெகன்ஸ் வேக்’ (1939) கடைசி வரி பாதியில் நின்று முதல் வரியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அதில் முடிப்பது எங்கே? கலிஃபோர்னியாவில் ஒரு வாசகர் வட்டம் அதை 1995இல் தொடங்கி 2023இல்தான் கடைசிப் பக்கத்தைத் தொட்டது.

புரியாததெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வெறும் மூட்டமும் உண்டு. ஒரு பக்கத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: இரண்டாம் முறை புதிதாக ஏதாவது கிடைக்க வேண்டும், எழுதியவர் பட்ட பாடு மட்டும் தெரிந்தால் அந்தப் புத்தகத்தை மூடிவிடலாம். தமிழிலும் அப்படிச் சில இருக்கின்றன. பெயர் சொன்னால் இந்தக் கடிதத்தை நீங்கள் பிரசுரிக்க மாட்டீர்கள். அதேபோல, உரையை மட்டும் படித்துவிட்டு மூலத்தையே படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்களுக்காகவும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

அடுத்த முறை பட்டியல் போடும்போது ஐந்து நாவல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் யாருக்கு என்ன உறவு, காலம் மாறுவதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது, எந்தப் பதிப்பில் நல்ல குறிப்புகள் இருக்கின்றன என்று அரைப்பக்கம் எழுதி வாங்கிப் போடுங்கள். கட்டுரையாளருக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தால், பெஞ்சி பகுதிக்கு என்னிடமிருக்கும் தாளை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்