ஆந்தையின் முதுகில் ஒரு துளி ஈயம்

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் நீ ஃபோனில் கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் எதுவும் இல்லை பாப்பா. ஃபோனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் உங்கள் பிராவிடென்ஸ் ஊர் பழைய நகைக் கடைக்காரர் அந்த ஆந்தை ப்ரோச்சைத் திருப்பிப் பார்த்து, முதுகில் ஈயம் வைத்துப் பற்றியிருக்கிறது, இது மட்டும் இல்லையென்றால் நல்ல விலை போகும் என்றாராம். ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுக் கொக்கி வைத்து, அந்த இடத்தில் முலாமும் பூசித் தருகிறேன் என்றாராம். கொடுக்கட்டுமா என்று கேட்டாய்.

கொடுக்காதே. அந்த ஈயம் உன் தாத்தா வைத்தது.

நீ தாத்தாவைப் பார்த்ததில்லை. நம் வீட்டில் அவரைப் பற்றிப் பேசினால் மாங்காய் அட்டிகையும் ஏழு கல் தோடும்தான் வரும். கில்ட் நகை ரிப்பேர் பார்த்த காலத்தை உன் பாட்டி பேசவிட மாட்டார், அவருக்கு அது குறைச்சல். அதனால் உனக்கும் நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது என் தப்பு.

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. சீனப் போர் முடிந்த கையோடு, அந்நியச் செலாவணி கரைகிறது, தங்கக் கடத்தலை நிறுத்த வேண்டும் என்று, நிதியமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் கொண்டுவந்தது. புதிதாகச் செய்கிற நகை 14 காரட்டுக்கு மேல் போகக் கூடாது. 14 காரட் என்றால் இருபத்து நான்கு பங்கில் பத்துப் பங்கு வேறு உலோகம். வெளிநாட்டில் பல இடங்களில் அதில் காலங்காலமாக வேலை செய்கிறார்கள். ஆனால் நம் ஜனங்கள் தாலிக்கு அதைத் தொடுவார்களா? எனக்கு அப்போது எட்டு வயது. ஜுவல்லர்ஸ் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்தில் நம் பட்டறை. காலையில் போனால் குமுட்டியில் கனல் இருக்கும், தாத்தா ஊதுகுழலை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருப்பார். அந்த வருஷம் குமுட்டி ஆறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தராசைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்கள். சின்னத் தாத்தா ஊதுபத்திக் கம்பெனிக்குப் போனார். நாடு முழுக்க எத்தனையோ ஆசாரிகள் வேலை போய், சிலர் உயிரையும் விட்டார்கள். 14 காரட் விதியை 1966இல் தளர்த்தினார்கள். அப்புறம் தங்கக் கட்டுப்பாடு 1968இல் சட்டமாகவே வந்து 1990 வரை இருந்தது. நம் வீட்டுக்குக் கடினமான காலம் அந்த முதல் மூன்று வருஷம்தான்.

அப்போது நம்மைக் காப்பாற்றியது கன்டோன்மென்ட் பெண்மணிகள் கொண்டுவந்த கில்ட் நகைகள். காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்மண்ட் டவுன் எல்லாம் அன்றைக்கு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்த இடங்கள். கிளிப் உடைந்த தோடு, அறுந்த கண்ணாடி முத்துச்சரம், கல் உதிர்ந்த ப்ரோச் என்று காகிதத்தில் பொதிந்து எடுத்து வருவார்கள். எட்டணா, ஒரு ரூபாய். தாத்தா முகம் சுளிக்காமல் செய்வார். வீட்டு உலையில் அரிசி விழுந்தது அந்தக் காசில்.

உன் ஆந்தை அந்த வழியில் வந்ததுதான். காக்ஸ் டவுன் அம்மா ஒருவர், ஆஸ்திரேலியாவுக்கே குடிபோகிறவர், கப்பலுக்குப் பணம் சேர்க்க எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார். வளையலுக்கு விலை கிடைத்தது. ஆந்தைக்கு யாரும் நாலணா தரவில்லை. ஒரு பக்கக் கொக்கி வேறு கழன்றிருந்தது. முன்பு செய்த ரிப்பேர்களுக்கு அவர் தர வேண்டிய பாக்கிக்காக அதைத் தாத்தா கையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கே ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் இருந்த ஓர் அமெரிக்கர் கொடுத்தது என்றாராம். நம்பக்கூடியதுதான். 1943இல் அந்தத் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் கைக்குப் போய், அவர்களுடைய விமானங்களை இங்கேதான் பழுதுபார்த்தார்கள்.

ஆந்தையே அதற்குச் சாட்சி சொல்கிறது. பின்னால் லென்ஸ் வைத்துப் பார், கோரோ, டூயட் என்று முத்திரை இருக்கும், ஸ்டெர்லிங் என்றும் இருக்கும். கில்ட் நகைக்காரன் ஏன் வெள்ளியில் செய்தான் என்று நினைக்கிறாய்? வழக்கமாக அவர்கள் வார்க்கிற வெள்ளை உலோகத்தில் வெள்ளீயம் சேரும். போர் வந்ததும் வெள்ளீயம் மாதிரி உலோகங்களை எல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டது. நகைக் கம்பெனிகள் வேறு வழியில்லாமல் வெள்ளியில் செய்து மேலே தங்க முலாம் பூசின. போர் முடிந்த கொஞ்ச காலத்தில் பழையபடி மலிவு உலோகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

கோரோ யார் தெரியுமா? உன் வீட்டுப் பக்கத்து ஆள். இமானுவேல் கோன், கார்ல் ரோசன்பெர்கர் என்று இரண்டு பேர் 1901இல் நியூயார்க்கில் கூட்டாகத் தொடங்கினார்கள். இரண்டு பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்ததுதான் கோரோ. தொழிற்சாலை கட்டியது உன் பிராவிடென்ஸில், 167 பாயிண்ட் ஸ்ட்ரீட். நீ அந்த ஊரில் வேலை கிடைத்தது என்று சொன்ன அன்றைக்கே எனக்கு இந்தப் பெயர்தான் ஞாபகம் வந்தது. உங்கள் ஊரில் 1790களிலேயே நெஹமையா டாட்ஜ் என்பவர் மலிவு உலோகத்தின் மேல் தங்கத் தகடு ஏற்றும் வேலையைச் செய்திருக்கிறார். அப்புறம் இத்தாலியிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அந்தப் பட்டறைகளில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்க் கல் ஒட்டிக் கொடுத்த பெண்கள் எத்தனையோ பேர். சிதம்பரம் கவரிங் என்றால் நமக்கு எப்படியோ, அமெரிக்கக் கில்ட் நகைக்கு பிராவிடென்ஸ் அப்படி.

டூயட் என்பது 1931இல் காப்புரிமை வாங்கிய வித்தை. ஒரு சட்டம், அதில் இரண்டு கிளிப்கள். சேர்த்துக் குத்தினால் ஒரே ப்ரோச், கழற்றினால் சட்டைக் காலரின் இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று. தாத்தா அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். "பயல் எப்படி யோசித்திருக்கிறான் பார்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆறிக் கிடந்த பட்டறையில் அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த இரண்டு நாள்தான்.

சரி, ஈயத்துக்கு வருகிறேன். வெள்ளியைப் பற்றவைக்க வெள்ளிப் பொடிதான் முறை, அது தாத்தாவுக்குத் தெரியாததா? ஆனால் அதற்கு நல்ல சூடு வேண்டும். ஆந்தையின் கண்ணிலும் வயிற்றிலும் இருப்பது கண்ணாடிக் கல். அடியில் மினுக்கும் தகட்டுப் பூச்சு. நெருப்புக் காட்டினால் கல் தெறிக்கும், பூச்சு கருகும், மேலே இருக்கும் முலாமும் போகும். அதனால் ஊதுகுழலை எடுக்கவேயில்லை. செம்புக் கோல் ஒன்றைச் சூடாக்கி, கொக்கி உட்காரும் இடத்தில் மட்டும் கடுகளவு ஈயத்தைத் தொட்டு வைத்தார். பிறகு நுனி அரத்தால் மட்டம் செய்தார். வலது பக்க ஆந்தையின் முதுகைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார், அரம் ஓடிய கோடுகள் மெலிசாகத் தெரியும். சாதாரணமாக ஆசாரி கைக் கோடு ஒரு பக்கம் சாயும், இது எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். தாத்தாவுக்கு இடது கை.

கடைக்காரர் சொன்னது அவர் தொழிலில் நியாயம்தான். சேகரிக்கிறவர்கள் ஈயத்தைப் பார்த்தால் விலை குறைப்பார்கள். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் தாத்தா வாழ்நாள் முழுக்கச் செய்த நகைகளில் அவர் கை என்று நான் விரல் வைத்துக் காட்டக்கூடியது இந்த ஒரு துளிதான் கயல். அவர் செய்த ஒட்டியாணமும் வங்கியும் கடை முத்திரையோடு வெளியே போயின. பாதி, பேத்திகள் கல்யாணத்துக்கு உருக்கியிருப்பார்கள். நல்ல தங்கம் உருகிப் புது உருவம் எடுத்துவிடும். உருக்கினால் லாபமில்லை என்பதால்தான் கில்ட் தப்பிக்கிறது.

நம் ஆட்களுக்கு மட்டும் இப்படி இல்லை. கோரோவின் வடிவங்களுக்கான காப்புரிமைகள் பெரும்பாலும் அடால்ஃப் காட்ஸ் பெயரில் இருக்கும். அவர் வடிவமைப்புப் பிரிவின் தலைவர். உட்கார்ந்து வரைந்தவர்கள் ஜீன் வெரெக்கியா மாதிரி வேறு ஆட்கள். நியூயார்க்கில் 1926இல் கடை போட்ட மிரியம் ஹாஸ்கெல் பெயரில் உலகமே வாங்கியது. வடிவத்தின் பின்னால் இருந்தவர் ஃபிராங்க் ஹெஸ். ஹாஸ்கெல் நகை ஒன்று 1990களில் என் கைக்கு வந்தது. முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தைத்தான் வெகுநேரம் பார்த்தேன். சன்னப் பின்னல் தகடு, அதில் ஒவ்வொரு முத்தையும் கம்பியால் கையாலேயே கட்டியிருக்கிறது, ஒரு கம்பி முனை கூட விரலில் குத்தாது. 1940களின் கடைசி வரை அந்தக் கடை நகைகள் பெரும்பாலும் முத்திரையே இல்லாமல் போயின. மதராஸில் பி. ஆர் அண்ட் சன்ஸ் என்ற நகைக் கம்பெனி சாமி உருவங்கள் வைத்துச் செய்த நகைகளை 1875இல் வந்த வேல்ஸ் இளவரசருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். அந்தச் சாமிகளைச் செதுக்கிய விரல்கள் யாருடையவை? கம்பெனி பெயர்தான் நிற்கிறது.

டிரிஃபாரி என்ற அமெரிக்கக் கில்ட் நகைக் கம்பெனியில் 1930இல் சேர்ந்த ஆல்ஃபிரட் ஃபிலிப் அதற்கு முன்னால் பெரிய நகைக் கடைகளான கார்ட்டியேவுக்கும் வான் கிளீஃபுக்கும் அசல் வைரத்தில் வேலை செய்தவர். அதே கை கண்ணாடிக் கல்லுக்கு வந்தது. கல்லைப் பதிக்கும்போது அவர் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. டிரிஃபாரி கிரீடப் பின் கிடைத்தால் பார், தெரியும்.

நீ "ஒரிஜினல் இல்லையே அப்பா" என்று தயங்கிச் சொன்னாய். அதனால் இதையும் கேள். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்குக் கார்ட்டியே 1928இல் செய்து முடித்த மாலையில் 2,930 வைரம், நடுவில் 234 காரட் எடையுள்ள டி பீர்ஸ் வைரம். 1948 வாக்கில் காணாமல் போனது. 1998இல் லண்டனில் அகப்பட்டபோது சட்டமும் சின்னக் கற்களும்தான் மிச்சம். பெரிய கற்கள் இருந்த இடத்தில் கார்ட்டியேயே செயற்கைக் கற்களைப் பதித்து மாலையைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு ஜனங்கள் வாய் பிளந்து பார்ப்பது அதைத்தான்.

இப்போது பராமரிப்பு. தண்ணீரில் போடாதே, சோப்பு வேண்டாம், அந்த ஊரில் விற்கும் நகை கழுவும் திரவமும் வேண்டாம். இதை அனுபவித்துச் சொல்கிறேன். 1989இல் ஒரு வாடிக்கைக்கார அம்மாவின் பழைய ப்ரோச்சைத் தங்கம் கழுவுகிற பழக்கத்தில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் கற்கள் எல்லாம் மீன் கண் மாதிரி செத்துக் கிடந்தன. பின் தகட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனார். இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. உலர்ந்த மெத்துத் துணி போதும். சென்ட் அடித்துக்கொண்ட பிறகு குத்திக்கொள், முன்னால் வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றித் தனி டப்பாவில் வை.

முலாம் பளபளப்பாக இருக்கிறதே என்று கடைக்காரர் ஆச்சரியப்பட்டார் என்றாயே, அதற்குக் காரணம் உன் பாட்டி. தாத்தா சரிசெய்து ஆசையாகக் கொடுத்தபோது, "ஆந்தையை நெஞ்சில் குத்திக்கொண்டு சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகவா?" என்று வாங்க மறுத்துவிட்டார். தாத்தா பதில் பேசவில்லை. பித்தளை டப்பாவில் போட்டு மூடினார். உன் கை படும் வரை அது வெளிச்சம் பார்க்கவில்லை. உன் அம்மாவுக்கும் பயம்தான், வெள்ளிக்கிழமை போட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

லீவு நாளில் பாயிண்ட் ஸ்ட்ரீட் பக்கம் போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வா. ஆந்தையைப் போட்டுக்கொண்டு போ. போவதற்கு முன்னால் அதன் முதுகை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் ஓரம், காலை வெயிலில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எடு. கோடுகள் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா