தங்கச்சியின் மகளைப் பற்றி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்துக்குப் பதில் போடப் பிந்திவிட்டது. இந்த முறை மழை நேரத்துக்கு வந்தது, இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கு, பெரும்போகம் பரவாயில்லை. அது கிடக்கட்டும், தங்கச்சியின் மகளைப் பற்றிக் கேட்டிருந்தாய்.

பிள்ளைக்குக் கனநாளாய்க் கழுத்து நிற்கவில்லை, கண் இரண்டும் ஓரிடத்தில் நில்லாமல் அசையும், சிலவேளை வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு அப்படியே மூச்சை நிறுத்திவிடுவாள். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் ஜூபேர் சிண்ட்ரோம் என்றார்கள். சிறுமூளையின் இரண்டு பக்கத்தையும் இணைக்கிற நடுப்பகுதி சரியாக வளரவில்லை, அதனால் படத்தில் மூளைத்தண்டுப் பக்கம் அச்சொட்டாய்க் கடைவாய்ப் பல் மாதிரித் தெரிகிறது. 1969இல் மரி ஜூபேர் என்ற டொக்டர் இதை முதலில் எழுதியது கனடாவில் உன்னுடைய கியூபெக்கில்தான், ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகளைப் பார்த்து.

இனி ஊர்ச்சனத்தின் கதை. மாமியார் கிரகம் என்கிறார். பக்கத்து வீட்டில், 2009இல் போர் நேரம் தங்கச்சி சின்னப்பிள்ளையாய்க் குடித்த குண்டுப்புகை என்கிறார்கள். நாங்களும் குடித்த புகைதானே, அதனால் அந்தக் கதையை என்னால் லேசில் தள்ள முடியவில்லை, ஆனால் இது அதனால் வந்ததில்லை. பெரும்பாலும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டு பக்கத்தாலும் வந்து சேர்ந்தால்தான் இந்த வருத்தம். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறவருக்கு நோய்க்குறி ஒன்றுமே இராது. சொந்த மச்சானைக் கட்டினால் சேருகிற வாய்ப்பு அதிகம், பிறத்தியில் கட்டினவர்களுக்கும் வராமலில்லை. தங்கச்சிக்குச் சொந்த மச்சானைப் பேசி முடித்தவர் அப்பா, இப்ப அவர் வாயே திறப்பதில்லை.

மூளையில் உள்ள பழுது பிள்ளை வளரவளர மோசமாகாது என்கிறார்கள், பிசியோதெரபியில் இப்ப கொஞ்சம் சாயாமல் இருக்கிறாள். எனக்குப் பயம் கிட்னியில்தான். உடம்பின் கலங்களில் இருக்கிற மயிர் போன்ற ஒரு சின்ன உறுப்பில்தான் பிழை, அது கண்ணுக்குள்ளும் ஈரலிலும் கிட்னியிலும் இருக்கிறது, அங்கெல்லாம் சிலருக்குப் பழுது பிறகுதான் தெரியவரும். வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தம் என்றால் கிணற்றுத் தண்ணீரைத்தான் சொல்வார்கள், நாளைக்கு இவளுக்கு வந்தாலும் தண்ணீர் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அதுதான் சிறுநீரும் இரத்தமும் தவறாமல் சோதிக்கச் சொல்லித் தங்கச்சியோடு சண்டை பிடிக்கிறேன்.

அவளுக்கு இன்னொரு பிள்ளை வேணுமாம். ஒவ்வொரு தடவையும் நாலில் ஒரு பங்கு இதே வருத்தம் வரலாம். இதற்கு முப்பதுக்கு மேல் மரபணுக்கள் இருக்கு, இந்தப் பிள்ளைக்கு எது என்று தெரிந்தால்தான் அடுத்ததைக் கர்ப்பத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். அந்தப் பரிசோதனைக்கு அங்கே என்ன செலவாகும், இரத்தத்தை இங்கிருந்து அனுப்பலாமா என்று விசாரித்து எழுது. தங்கச்சிக்கு நேரே எழுதாதே, எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மச்சான், கிளிநொச்சி