அடிக்கச் சம்மதிப்பதும் அப்பா, மன்னிப்பதும் அப்பா

பாகிஸ்தான் தேசிய சபை உறுப்பினர்களுக்கும் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்னையிலிருந்து எழுதுகிறேன். உனக்கேன் இந்த வேலை என்று கேட்டால் அது நியாயம்தான். ஆனால் உங்கள் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 1860இல் எங்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகக் காப்பாளரோ, அவர் சம்மதத்தோடு இன்னொருவரோ நல்லெண்ணத்தில் செய்வது குற்றமாகாது என்கிறது அது. எங்கள் புதிய தண்டனைச் சட்டத்திலும் 27ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. பிள்ளையை அடிப்பவர் ஒளிந்துகொள்வது இதன் பின்னால்தான். பிள்ளையை வாத்தியாரிடம் விடும்போது "சதை உங்களுக்கு, எலும்பு எங்களுக்கு" என்பார்களாம் உங்கள் பக்கம். எங்கள் பக்கம், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்."

பாடகர் ஷெஹ்ஸாத் ராய் வழக்குப் போட, 2020 பிப்ரவரியில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு, பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று தலைநகரப் பகுதிக்கு மட்டும் ஒரு தடைச் சட்டம் வந்தது. சிந்து மாகாணம் அதற்கு முன்பே செய்திருந்தது. சரி, பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தாயிற்று. பள்ளிக்கே போகாமல் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பிள்ளைக்கு?

2016 கடைசியில் இஸ்லாமாபாத்தில் ஒரு நீதிபதியின் வீட்டிலிருந்து பத்து வயதுச் சிறுமி மீட்கப்பட்டாள். துடைப்பம் ஒன்று காணாமல் போனதற்காக அடித்துச் சூடு வைத்தார்கள் என்பது புகார். தகப்பனார் மன்னித்துவிட்டதாகச் சில நாட்களிலேயே நீதிமன்றத்துக்குக் காகிதம் வந்தது. காப்பாளர் மன்னித்தால் வழக்கையே முடித்துவிட உங்கள் சட்டத்தில் வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கையில் எடுத்ததால்தான் வழக்கு பிழைத்தது. 2018இல் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் நீதிபதிக்கும் மனைவிக்கும் விதித்தது ஓராண்டுச் சிறை. 2020இல் ராவல்பிண்டியில் எட்டு வயதுச் சிறுமி அடிபட்டே செத்தாள். கூண்டுக் கிளிகளைத் திறந்துவிட்டாளாம்.

பதினைந்து வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்று பஞ்சாப் 2019இலேயே சட்டம் போட்டது. சட்டம் போதாது என்று நான் சொல்லவில்லை. அடிபட்டவள் பிள்ளை, சமரசம் பேசுவதோ பெரியவர்கள். அடிப்பதற்கு முன் காப்பாளரின் சம்மதம், அடித்த பின் காப்பாளரின் மன்னிப்பு. இரண்டுமே சட்டத்தில் இருக்கின்றன. மகளின் சம்பளத்தை நம்பி அடுப்பெரிக்கிற தகப்பன், பெரிய இடத்து வக்கீல் நீட்டும் தாளில் கைநாட்டு வைக்காமல் என்ன செய்வான்? அவனைத் திட்டி ஒரு பயனும் இல்லை.

இந்தக் கதவை மூட உங்களுக்குத் தெரியாமல் இல்லை. கௌரவக் கொலையில் குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று 2016 அக்டோபரில் நீங்களேதான் திருத்தினீர்கள். கொன்றவனும் மன்னிப்பவனும் ஒரே குடும்பம் என்பது அன்று உங்களுக்கு உறைத்தது. வேலைக்கு அனுப்பியவரே மன்னிக்கவும் செய்கிற வழக்குகளுக்கும் அதே திருத்தத்தைக் கொண்டுவாருங்கள். பிள்ளையை அடித்த வழக்கில் பெற்றோர் மன்னித்தாலும் அரசே வாதியாக நின்று நடத்தட்டும். 89ஆம் பிரிவையும் நீதிமன்றத் தடையோடு விட்டுவிடாமல் நாடு முழுக்க நீக்குங்கள்.