மேசை மேல் இருக்கும் பிஸ்டன்

பட்டுக்கோட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காது கேட்க அதைச் சொல்லும் தைரியம் அன்றைக்கு எனக்கு வரவில்லை. மூன்று நாளாக மனசு ஒரு நிலையில் இல்லை. இன்று கடை லீவு, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி எத்தனையோ வருஷமாகிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

முதலில் உன் விஷயம். அந்த ஸ்ப்ளெண்டர் பைக்கில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் மரை போனது உன் கைத்தவறு என்று நினைத்து அழுதாய். பாதிதான் உன் தவறு. இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. ஒவ்வொரு ஆயில் சர்வீசிலும் அடியில் போடும் வாஷரை மாற்ற வேண்டும். அதை யாரும் மாற்றுவதில்லை. பழைய வாஷரோடு மாட்டினால் லேசாகக் கசியும். கசிகிறதே என்று அடுத்தவன் ஒரு இழு அதிகமாக இழுப்பான், அதற்கு அடுத்தவன் இன்னும் கொஞ்சம். இப்படி நாலைந்து பேர் இழுத்து முடித்த மரை உன் கையில் வந்து போயிருக்கிறது. 17 ஸ்பானரை நீளமாகப் பிடிக்காதே, தலைக்குப் பக்கமாகப் பிடி, இறுகியது மணிக்கட்டுக்குத் தெரியும் என்று சின்ன வயசிலேயே உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவசரத்தில் மறந்திருப்பாய். அந்தப் பாதிதான் உன்னுடையது.

உங்கள் சூப்பர்வைசர் எம்-சீல் வைத்து அடைத்து அஞ்சு மணிக்கு டெலிவரி கொடுக்கச் சொன்னது பெரிய தப்பு. அந்த போல்ட் இருக்கும் இடத்தை நினைத்துப் பார். அதற்கு நேர் பின்னால் பின்சக்கரம். சூட்டில் எம்-சீல் விட்டுக்கொடுத்து போல்ட் கழன்று விழுந்தால் முக்கால் லிட்டர் ஆயிலும் டயரில்தான் கொட்டும். வண்டிக்காரன் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிற பையன் என்றாய். மழை நாளில் ஒரு வளைவில் அவன் கதி என்ன ஆகும்? மறுநாள் காலையில் நீயாகவே அவனுக்குப் போன் செய்து, ஓட்டாதீர்கள் என்று நிறுத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச்சொல்லி, பெரிய மரை வெட்டி ஓவர்சைஸ் போல்ட் போட்டுக் கொடுத்தாய். திட்டு வாங்கினாய். சம்பளத்தில் 500 ரூபாய் பிடித்தார்கள். அந்தப் பையன் உன்னைத் திட்டவில்லை, "சொன்னதுக்கு நன்றி அக்கா" என்றான் என்று நீ சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதற்கு அப்புறம்தான் கேட்டாய். "எல்லாரும் மறைச்சுட்டு நிம்மதியா இருக்காங்க. நீங்க ஒரு தடவைகூட மறைச்சதே இல்லையாப்பா?"

மறைத்திருக்கிறேன் பாப்பா. ஒரு தடவை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். டிவிஎஸ் 50 காலத்து மெக்கானிக். அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியில் எந்தச் சாமானை மாற்றினாலும் பழைய சாமானைப் பேப்பரில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். தேய்ந்த ரிங், கருகின பிளக், கிளட்ச் பிளேட், எதுவாக இருந்தாலும் சரி. "எனக்கு எதுக்குப்பா இது, நீயே எடைக்குப் போட்டுக்க" என்பார்கள். "வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் போடுங்க" என்பார். எதற்கு மாற்றினோம் என்பதைச் சாமானே சொல்லும் என்பது அவர் கணக்கு. நான் தனியாகக் கடை வைத்த நாளிலிருந்து அதே வழக்கத்தைத்தான் வைத்திருக்கிறேன். அந்த ஒரு தடவை தவிர.

கஜா புயல் உனக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 16, விடியற்காலை. நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். தீபாவளி முடிந்து பத்தே நாள். விடிந்து பார்த்தால் கடையின் தகரக் கூரையில் பாதி எதிர்வீட்டு மாடியில் கிடந்தது. தோப்பெல்லாம் படுத்துவிட்டது. முப்பது வருஷத் தென்னை வேரோடு சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று கிடந்ததைப் பார்த்து உன் தாத்தா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். போஸ்ட் மரமெல்லாம் முறிந்து, நம் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்தாறு நாள் ஆனது.

ஊருக்கே வேலை இல்லாத அந்த நாட்களில் நம் கடையில் மட்டும் ராப்பகலாக வேலை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர், செல்போன் சார்ஜ் போட ஜெனரேட்டர், எங்கோ மூலையில் பத்து வருஷம் தூங்கின ஜெனரேட்டரை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். ஜெட்டில் சின்னக் கம்பியை விட்டு ஊதி, கழுவி மாட்டினால் ஓடும். அப்புறம் மரம் அறுக்கும் மெஷின்கள். சாலையையும் தோப்பையும் ஒழுங்கு பண்ண வெளியூர்களிலிருந்து ஆட்கள் மெஷினோடு வந்திருந்தார்கள். நாள் முழுக்க அறுத்தால் எந்த மெஷின் தாங்கும்? சாயங்காலம் ஆனால் கடை வாசலில் ஏழெட்டு மெஷின் நிற்கும்.

அப்படி ஒருநாள் இருட்டின நேரத்தில் தேனிப் பக்கத்து ஆள் ஒருவர் மெஷினைக் கொண்டுவந்தார். கூட மூன்று பேர். ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் உடைந்து கயிறு திரும்பி உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். 150 ரூபாய் வேலை. "காலையில அஞ்சரைக்கு வந்துடுவேன் அண்ணே, நாளைக்கு ஒரு தோப்பு ஒத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்பிரிங்கை மாற்றி முடித்தபோது மணி பத்து இருக்கும். டேங்க் காலியாக இருந்தது. ஓட்டிப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது என்று கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். அப்போதெல்லாம் நம் கடையில் இரண்டு வெள்ளைக் கேன் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் வெறும் பெட்ரோல், இன்னொன்றில் ஆயில் கலந்தது. இந்த மெஷினுக்கெல்லாம் நாம் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் கலப்போம் இல்லையா, அது. பகலாக இருந்தால் ஆயில் கலந்த பெட்ரோல் நிறத்திலேயே தெரிந்துவிடும். டார்ச் வெளிச்சத்தில் தெரியவில்லை. மூக்கும் அன்றைக்கு வேலை செய்யவில்லை, காலையிலிருந்து பெட்ரோலிலேயே கிடந்த மூக்கு.

கடைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த வேப்பமரத்தில் வைத்து அறுத்துப் பார்த்தேன். நன்றாக அறுத்தது. ஆசையில் இன்னொரு கிளையையும் அறுத்தேன். திடீரென்று சத்தம் மாறியது. கனமாக இருந்த சத்தம் மெலிந்து விசில் மாதிரி மேலே போய், பட்டென்று நின்றது. கயிற்றை இழுத்தால் வரவில்லை. அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. இந்த இன்ஜினுக்கு ஆயில் சேம்பர் கிடையாது. பெட்ரோலோடு வருகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு. அது இல்லாமல் முழு வேகத்தில் ஓட்டினால் சில நிமிஷத்தில் பிஸ்டன் சூடாகி விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். சைலன்சரைக் கழற்றி ஓட்டை வழியாக டார்ச் அடித்தேன். பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். கேனை எடுத்து விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வெறும் பெட்ரோல்.

காலையில் அஞ்சரைக்கு அவர் வந்தார். ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மேலே பார்த்தால் கடைக்குக் கூரை இல்லை. தகரம் வாங்கக் கையில் காசு இல்லை. உன் சித்தப்பா வீட்டில் சுவரே போய்விட்டது. வாய் தானாகப் பேசியது. "பிஸ்டன் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கு தம்பி, ஓட்டிப் பாத்தேன், ஜாம் ஆயிடுச்சு."

அவர் ஒரு நிமிஷம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணே" என்றார்.

தஞ்சாவூர் போய் பிளாக், பிஸ்டன் வாங்கி வந்து மாட்ட மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. அந்த ஒன்றரை நாள் நாலு பேரும் வேலை இல்லாமல் கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்தார்கள். சாமானுக்கு 1,400, கூலி 300. கூலியும் வாங்கினேன், பாப்பா. வாங்காமல் விட்டால் சந்தேகப்படுவாரோ என்று வாங்கினேன். கிளம்பும்போது, "பழைய பிஸ்டன் எங்கண்ணே, குடுங்க" என்று கேட்டார். இன்னொரு மெக்கானிக் அதைக் கையில் எடுத்தால் நொடியில் சொல்லிவிடுவான். "குப்பையில போயிடுச்சு தம்பி" என்றேன். அது என் டிராயரில் இருந்தது.

அதுதான் இன்றைக்கும் நம் மேசை மேல் இருக்கும் பிஸ்டன். கரண்ட் இல்லாத அந்த ராத்திரிகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீ வீட்டுப்பாடம் எழுதும்போது, காற்றுக்கு நோட்டுப் புரளாமல் அதைத்தான் மேலே வைத்துக்கொள்வாய். "இது எந்த வண்டியோடதுப்பா?" என்று ஒருநாள் கேட்டாய். பழைய சாமான் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

கடை ஜாப் புக்கில் அவர் நம்பர் இருந்தது. ரொம்ப நாள் கழித்து, கடைக்குப் புதுத் தகரம் போட்டு எல்லாம் சரியான பிறகு, போன் செய்தேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. தேனிப் பக்கம் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது தென்னைக்கு வந்தால் இன்றைக்கும் முகத்தைப் பார்ப்பேன். ஆயில் கலந்த கேனின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேனே, கடைப் பையன்கள் அவிழ்த்தால் கத்துவேனே, அது ஏன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். ஊரில் என்னைப் பழைய சாமானைக் கையில் கொடுக்கிற மெக்கானிக் என்று நல்லவிதமாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அவர் கை நீட்டிக் கேட்டதுதான் ஞாபகம் வரும். எல்லாரும் மறைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் என்றாயே, அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். அம்மாவிடம் இன்று மத்தியானம் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை, சாயங்காலம் டீ மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாய். வரலாம், கடை உனக்கும்தான். ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்ததிலிருந்து புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் கிட்டத்தட்ட எல்லாமே இன்ஜெக்‌ஷன். மீட்டரில் விளக்கு எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ணி எந்த சென்சார் கோளாறு என்று கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். போன வாரம்கூட ஒரு எக்ஸ்எல் 100 ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றது, நீ சொன்ன மாதிரி இன்ஜினுக்குக் காற்று போகும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்ததும் ஓடிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இருந்து ஸ்கேனர் வேலையை முழுசாகக் கற்றுக்கொண்டு வா. அதற்குள் இன்னொரு தடவை இப்படி மறைத்துக் கொடுக்கச் சொன்னால் ஒரு வருஷம் எல்லாம் பார்க்காதே, அன்றைக்கே பஸ் ஏறு.

பார்சலில் மரை வெட்டும் 14 சைஸ் டேப் ஒன்றும் கைப்பிடியும் அனுப்பியிருக்கிறேன், உனக்கென்று வைத்துக்கொள். அடுத்த தடவை மரை வெட்டும்போது டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் தடவிக்கொள், சீவல் உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். அலுமினியத்துக்கு ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் பிடிக்காமல் போகும். முடித்ததும் கொஞ்சம் பழைய ஆயிலை மேலிருந்து ஊற்றி அடி வழியாக விட்டுக் கழுவிவிடு. முறுக்கு தனி டப்பாவில் இருக்கிறது, கிரீஸ் வாசம் ஏறாமல் அம்மா மூன்று கவர் போட்டிருக்கிறாள். பிடித்த 500 ரூபாயை உன் கணக்கில் போட்டிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே.

பொங்கலுக்கு வரும்போது மேசை மேல் இருக்கும் அந்த பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார். ஒரு பக்கத்தில்தான் கீறல் ஆழமாக இருக்கும். அது சைலன்சர் பக்கம்.

இப்படிக்கு,
அப்பா